முனையில் நிறுத்துவதா, வளைவு கட்டுவதா? கல்லடுக்கத் தொடங்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சாந்து, பசை, கம்பி எதுவும் இல்லாமல் கல்லின்மேல் கல்லை நிற்கவைக்கும் ஆசை பெரும்பாலும் ஒரு படத்தைப் பார்த்துத்தான் வருகிறது. ஓடை நடுவே ஊசிமுனையில் நிற்கிற ஒரு பாறை, அல்லது கடற்கரை மணலில் கையகலக் கற்களால் எழும்பிய ஒரு வளைவு. எது அழகாகத் தெரிகிறதோ அதையே முதலில் செய்து பார்க்கத் தோன்றும். அப்படித் தொடங்கியவர்களில் பலர் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கை போதாமல் விடுகிறவர்கள் குறைவு. கையில் இருந்த கல்லுக்கும் எடுத்துக்கொண்ட வேலைக்கும் பொருத்தம் இல்லாததே முக்கியமான காரணம்.

முன்னால் நான்கு வழிகள் உண்டு: தட்டைக் கற்களை அடுக்குவது, ஒவ்வொரு கல்லையும் அதன் முனையில் நிறுத்துவது, சென்ட்ரிங் (கட்டி முடியும்வரை கற்களைத் தாங்கும் தற்காலிக அச்சு) வைத்து வளைவு கட்டுவது, சாந்தில்லாமல் தூண் எழுப்புவது. தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எந்தக் கல் உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும்? கட்டியதை அன்றே கலைக்கப்போகிறீர்களா, நிற்கவிடப்போகிறீர்களா? எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐந்து கற்களோடு வீட்டு முற்றத்தில் முனையில் நிறுத்திப் பழகுங்கள். எடை எங்கே இறங்குகிறது என்பது விரலுக்குப் பிடிபட்ட பிறகு வளைவுக்குப் போங்கள். தட்டை அடுக்கைத் தாண்டிப் போய்விடலாம். தூண் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

தட்டை அடுக்கு

பெரிய தட்டைக்கல் அடியில், அதைவிடச் சிறியது அதன்மேல், இன்னும் சிறியது அதற்கும் மேல் என்று போகும். பத்து நிமிடத்தில் பத்துக் கல் ஏறிவிடும். குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. உயரம் அவர்களின் இடுப்பைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரியவர்களுக்கு இதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை, ஏனென்றால் அகலமான அடிப்பரப்பே எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. எளிது என்பதாலேயே ஆற்றங்கரைகளிலும் மலைப்பாதைகளிலும் நூற்றுக்கணக்கில் பெருகுவதும் இதுதான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மலைக்கோயில்களுக்கு ஏறும் வழியோரத்தில் மூன்று நான்கு சிறு கற்களாக அடுக்கியிருப்பவை பெரும்பாலும் சொந்த வீடு வேண்டி யாரோ வைத்த வேண்டுதல். அதைத் தொடவும் வேண்டாம், அதிலிருந்து கல் எடுக்கவும் வேண்டாம். மலையேற்றப் பாதைகளில் வழி காட்ட வைத்த குவியல்களும் அப்படித்தான். பக்கத்தில் நீங்கள் இன்னொன்று வைத்தால், மேகம் மூடிய நேரத்தில் வருகிறவர் தவறான பக்கம் திரும்பிவிடுவார்.

முனையில் நிறுத்துவது

பார்த்தால் மந்திரம் போல இருக்கும், ஆனால் விஷயம் எளிமையானது. எந்தக் கல்லின் மேற்பரப்பும் முழு வழவழப்பு இல்லை. நகத்தால் தடவினால் சிறு பள்ளங்களும் மேடுகளும் தெரியும். மேல் கல்லின் முனை கீழ்க் கல்லில் உள்ள ஒரு பள்ளத்தைச் சுற்றி மூன்று மேடுகளில் உட்கார்ந்தால் அது முக்காலி ஆகிவிடும். இந்தக் கலையில் உலகெங்கும் அறியப்பட்ட கனடாக்காரர் மைக்கேல் கிராப்பும் தன் முறையை இந்த முக்காலியை வைத்தே விளக்குகிறார்.

அந்த முக்காலி எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று புள்ளிகளுக்கும் இடையே 1 செ.மீ. தூரம் என்றால், நடுவிலிருந்து பக்கவாட்டு எல்லை 3 மி.மீ. கூட இல்லை. கல்லின் எடைமையம் அந்தப் புள்ளிகளுக்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் இருந்தால், ஒன்றரை பாகைக்குச் சற்று மேல் சாய்ந்தாலே விழுந்துவிடும். அதனால் கண்ணை நம்பி நிறுத்த முடியாது. விரல்தான் சொல்ல வேண்டும்.

ஐந்து கற்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. எடை 2 முதல் 5 கிலோவுக்குள் இருக்கட்டும். கால் கிலோக் கல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை விரலால் உணரவே முடியாது, இலை அசைகிற காற்றுக்கே விழும். 8 கிலோவுக்கு மேல் போனால் நழுவும்போது விரல் நசுங்கும். கடைசல் பிடித்ததுபோல மழுங்கிய ஆற்றுக் கூழாங்கல் அழகானது, ஆனால் பழகுகிறவருக்கு எதிரி. கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் அஸ்திவாரத்துக்குக் கொட்டியிருக்கும் கருங்கல் உடைகல்தான் நல்லது. சொரசொரப்பான முகம், தெளிவான முனைகள், நல்ல பிடிப்பு, மூன்றும் அதில் கிடைக்கும். கடப்பா கல் துண்டு பளபளப்பான முகத்தில் வழுக்கும். செம்புரைக்கல்லில் முனைகள் பொடிந்துபோகும்.

அடிக்கல்லை மண்ணிலோ மணல் மூட்டையிலோ மூன்றில் ஒரு பங்கு புதையும்படி வையுங்கள். எட்டுத் திசையிலும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அரை மி.மீ. ஆடினாலும் மேலே எதுவும் நிற்காது. பிறகு அதன் தலையில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். நீர் தேங்கும் இடம்தான் உங்களுக்கு வேண்டிய பள்ளம். நீரைத் துடைத்துக் கல் காய்ந்ததும் அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸைத் தேய்த்து, மேல் கல்லின் முனையை வைத்து லேசாக அழுத்தி எடுங்கள். முனையில் எத்தனை இடத்தில் வெள்ளை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று புள்ளி முக்கோணமாக இருந்தால் அந்த இணை நிற்கும். இரண்டு புள்ளிதான் என்றால் ஊஞ்சல் போல ஒரு திசையில் ஆடும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். முனையைச் சற்றுத் திருப்பி இன்னொரு முறை பாருங்கள்.

இனி நிறுத்தும் வேலை. கல்லின் நடு உயரத்துக்குச் சற்று மேலே இரண்டு கை விரல்நுனிகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை படக்கூடாது. பிடியை மெல்லத் தளர்த்தினால் கல் ஒரு பக்கம் விரலை அழுத்தும். அந்த அழுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை அளவு நகர்த்துங்கள். சாய்த்துச் சாய்த்து முடியவில்லை என்றால் நின்ற நிலையிலேயே நான்கைந்து பாகை திருகிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் முனை பள்ளத்தில் இறங்கும் ‘டக்’ என்ற சின்ன அதிர்வு விரல்நுனிக்குத் தெரியும். அதன் பிறகு இரண்டு பக்க விரல்களிலும் அழுத்தம் சமமாகக் குறையும். ஒரு கையை நேர் பக்கவாட்டில் எடுங்கள், பிறகு மறு கையை. கையை மேல்நோக்கி உருவினால் கல்லும் கூடவே சாயும். தொடங்குபவர்களின் கல் விழுவது பெரும்பாலும் இந்தக் கடைசி நொடியில்தான்.

மூன்றாவது கல்லை ஏற்றும்போது கீழேயுள்ள மூட்டு கலங்கும். அதனால் புதுக் கல்லைப் பக்கவாட்டில் தேய்க்காமல், மேலிருந்து நேர் கீழாக இறக்க வேண்டும். ஏறிய பிறகு அந்தக் கல்லின் எடையே கீழ் மூட்டை இறுக்கிப் பிடிக்கும். கனமான கல்லைத் தலையில் வைக்கும் பழக்கம் இதனால்தான் வந்தது. முதல் நாள் இரண்டு கல் நிற்க ஒரு மணி நேரம் ஆகலாம், அது சாதாரணம். நின்ற பிறகு ஒரு அடி தள்ளி நின்று ஊதிப் பாருங்கள். அதற்கே ஆடினால் பிரித்துவிட்டு வேறு இணை தேடுங்கள்.

கல் கிடைக்காத நாளில் செங்கல்லை வைத்து ஒரு பயிற்சி செய்யலாம். 22 செ.மீ. நீளமுள்ள நான்கு செங்கற்களைத் திண்ணை விளிம்போடு ஒட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். மேலிருந்து தொடங்கி முதல் கல்லை 11 செ.மீ. வெளியே தள்ளுங்கள். அடுத்து, மேலே இருப்பதையும் சேர்த்து இரண்டாவதை 5.5, அதுபோலவே மூன்றாவதை 3.6, நான்காவதை 2.7 செ.மீ. தள்ளுங்கள். மொத்தம் 22.8 செ.மீ. வரும். மேல் கல் முழுவதும் திண்ணைக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும். நிஜச் செங்கல் இவ்வளவு துல்லியமாக இருக்காது, ஆகவே முதலில் ஒவ்வொன்றிலும் அரை செ.மீ. குறைத்துச் செய்யுங்கள். கீழே காலை வைக்காதீர்கள். எடைமையம் விளிம்பைத் தாண்டுவதற்கு முன்பு கல் எப்படி லேசாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

இந்த வழியின் குறை காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. கோவை, உடுமலை, தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் ஆனி, ஆடி மாதங்களில் விடியற்காலையில்தான் முயல வேண்டும், இல்லையென்றால் சுற்றுச்சுவர் மறைவில்.

வளைவு

முனையில் நிற்கும் கல் எந்த நொடியும் விழலாம். வளைவு அப்படியல்ல. சரியாகக் கட்டினால் மேலே எடை ஏற ஏற இன்னும் இறுகும். சாந்தே இல்லாமல் வருடக்கணக்கில் நிற்கும். ஸ்காட்லாந்தில் சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி செம்மணற்கல்லால் எழுப்பிய வளைவுகளில் ஒவ்வொன்றிலும் 31 கற்கள், உயரம் ஏறத்தாழ 4 மீட்டர், இடையில் சாந்து கிடையாது. நம் கோயில்களின் கற்கட்டில் இந்த மாதிரி வளைவு மரபு இல்லை, தூணின்மேல் உத்திரக்கல் வைப்பதுதான் வழி. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் உள்ள பழங்கால ஈமச்சின்னங்களான கற்திட்டைகளும் பலகைக்கல்லை நிறுத்தி மேலே மூடுகல் போட்டவைதான். இந்த வேலை புதிது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதல் முடிவு வடிவம். அரைவட்டம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கார் டயரையோ பெயிண்ட் வாளியையோ அச்சாக வைத்து அரைவட்டம் கட்டுவது சுலபமாகத் தோன்றும். ஆனால் அரைவட்டம் தன் எடையைத் தாங்க, உள்ளிருந்து வெளியே கல்லின் கனம் ஆரத்தில் குறைந்தது 11 சதவீதம் இருந்தாக வேண்டும். அதுவும் மூட்டுகள் கச்சிதமாக இருந்தால்தான். செதுக்காத உடைகல்லுக்கு அதைப்போல மூன்று மடங்கு வைத்தால்தான் நிம்மதி. டயரின் கீழ்ப்பாதி உயரத்துக்குச் செங்குத்துக் கால்கள் வேறு எழுப்ப வேண்டும். வளைவு தள்ளும்போது அந்தக் கால்கள்தான் முதலில் சாயும்.

அதைவிட நல்லது சங்கிலி வடிவம். தொங்கும் சங்கிலி எந்தக் கோட்டில் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாகத் திருப்பினால் வளைவு அந்தக் கோட்டில் நிற்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் சொன்னார். சங்கிலி இழுவிசையை மட்டும் அறியும், கல் அழுத்தத்தை மட்டும் அறியும். இதைச் செய்து பார்க்கப் பழைய சைக்கிள் செயின் போதும். அதில் ஒரு கண்ணி 12.7 மி.மீ. 90 கண்ணிகளை எண்ணினால் 114 செ.மீ. சொச்சம் வரும். நன்றாக எண்ணெய் விட்டு, சுவரில் ஒரே மட்டத்தில் 60 செ.மீ. இடைவெளியில் அடித்த இரண்டு ஆணிகளில் அதைத் தொங்கவிடுங்கள். நடுவில் ஏறக்குறைய 45 செ.மீ. இறங்கும். பின்னால் அட்டையை வைத்துக் கோடு இழுத்து வெட்டித் தலைகீழாகப் பிடித்தால், 60 அகலம், 45 உயரத்தில் உங்கள் வளைவின் உள்கோடு கையில் இருக்கும்.

இந்த அளவை ஏன் சொல்கிறோம்? உயரம் குறையக் குறைய வளைவு கால்களை வெளியே தள்ளும் விசை கூடும். இந்த அளவில் மொத்த எடை சுமார் 60 கிலோ. ஒவ்வொரு காலும் 30 கிலோவைக் கீழே இறக்கும், வெளிப்பக்கம் தள்ளுவது 7.5 கிலோ அளவுதான். அதே 60 செ.மீ. அகலத்தில் உயரத்தை 20 செ.மீ. ஆக்கிவிட்டால், கீழே இறங்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வெளியே தள்ளும். கல்லோடு கல் உராய்ந்து பிடிக்கும் சக்தியே ஏறத்தாழ அவ்வளவுதான். அதனால் தாழ்வான வளைவு, சென்ட்ரிங்கை எடுத்ததும் கால் விரித்துப் படுத்துவிடும். தாழ்வாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பது இந்த வேலையில் பலரும் செய்கிற பிழை.

கல் கணக்கு: உள்கோட்டில் 8 அல்லது 9 செ.மீ. கனம், உள்ளிருந்து வெளியே 12 செ.மீ., முன்னிருந்து பின்னுக்கு 15 செ.மீ. உள்ள கற்கள் 13. ஒன்று நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பொறுக்கி எடுக்க வசதியாக 20 கல் வாங்கிவையுங்கள். இவை தவிர முக்கால் இன்ச் ஜல்லியில் தட்டையான சில்லுகள் ஒரு பாண்டு. கட்டும் முன் தரையில் சாக்பீஸால் வளைவை வரைந்து, கற்களை அதன்மேல் படுக்கவைத்து வரிசை பாருங்கள். ஆப்பு வடிவமாகத் தலை பெருத்து அடி சிறுத்த கல் எதுவோ அதை உச்சிக்கு ஒதுக்குங்கள். உள்பக்கம் 7, வெளிப்பக்கம் 10 செ.மீ. என்றால் அருமை.

காலடிக்கு 10 செ.மீ. ஆழம் தோண்டி, பத்துக் கிலோவுக்குக் குறையாத ஒரு தட்டைக்கல்லைப் போடுங்கள். அது மட்டமாக இருக்கக்கூடாது. வளைவு உள்ளே சாய்ந்து எழுவதால், 12 செ.மீ. நீளத்துக்கு வெளி விளிம்பு 3 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். இந்த 3 செ.மீ. சரிவை விட்டுவிட்டால் முதல் மூட்டு உள்பக்க விளிம்பில் மட்டும் தொட்டு, பாரம் ஏறியதும் நொறுங்கும். காலடிக் கல்லுக்கு வெளியே மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்துங்கள், அல்லது 15 கிலோக் கல் ஒன்றை முட்டுக் கொடுங்கள். கரிசல்மண் என்றால் 20 செ.மீ. தோண்டி கிராவல் நிரப்பிய பிறகே காலடி. வெயிலில் வெடித்து மழையில் பொங்கும் அந்த மண்ணில் கால்கள் ஒரே இடத்தில் நிற்காது.

சென்ட்ரிங்கை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒருமுறைதான் கட்டப்போகிறீர்கள் என்றால் ஈரமணல் போதும். நடுவில் செங்கல்லை அடுக்கிச் சுற்றிலும் மணலைக் குவித்து அட்டையை வைத்துச் செதுக்கிக்கொள்ளலாம். செங்கல் இல்லாமல் மணல் மட்டும் என்றால் இரண்டு சிமெண்ட் மூட்டை அளவுக்கு வேண்டியிருக்கும். திரும்பத் திரும்பக் கட்டுவீர்கள் என்றால் 12 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு பலகை வெட்டி, இடையே 15 செ.மீ. நீள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை 5 செ.மீ.க்கு ஒன்றாக அடியுங்கள். ரீப்பரின் கனத்தைக் கழித்துத்தான் பலகையை வெட்ட வேண்டும். அடியில் எதிரெதிராக நுழைத்த மர ஆப்பு ஜோடி இரண்டு. இந்த ஆப்புதான் முக்கியம், இறக்குவது அதைக் கொண்டுதான்.

கட்டும்போது இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஏறுங்கள். ஒரு பக்கம் இரண்டு கல் முந்தினால் சென்ட்ரிங் நகர்ந்துவிடும். சதுரக் கற்கள் உள்விளிம்பில் ஒன்றையொன்று தொட்டு, வெளிப்பக்கம் வாய் திறந்திருக்கும். அந்த வாயில் சில்லுகளை வெளியிலிருந்து உள்ளே நுழைத்து மரச்சுத்தியலால் தட்டுங்கள். உள்பக்கமிருந்து, அதாவது கீழிருந்து, அண்டை கொடுத்த சில்லு சென்ட்ரிங் இறங்கியதுமே உதிர்ந்துவிடும். அதோடு வளைவும் இறங்கும். உச்சிக்கல்லை மேலிருந்து மெதுவாகத் தட்டி இறக்குங்கள். ஓங்கி அடித்தால் பக்கத்துக் கற்கள் மேலே எழும்பி, கீழ் மூட்டுகள் விட்டுப்போகும்.

இனி இறக்குவது. இரண்டு பக்க ஆப்புகளையும் மாறி மாறி ஒரு விரற்கடைக்கும் குறைவாகத் தட்டி எடுங்கள். மணல் என்றால் நடுவிலிருந்து குச்சியால் இரு பக்கமும் ஒரே அளவாகச் சுரண்டுங்கள். கற்கள் ‘கடக், கடக்’ என்று அமரும் சத்தம் கேட்கும், உச்சி சில மி.மீ. இறங்கும். பயப்பட வேண்டாம், வளைவு பாரத்தை வாங்கிக்கொள்கிறது. பார்க்க வேண்டியது மூட்டுகளை. உச்சியில் உள்பக்கமும், அடிக்கும் உச்சிக்கும் நடுவே உள்ள தோள்பகுதியில் வெளிப்பக்கமும் இடைவெளி விரிந்தால் தோள் பிதுங்குகிறது என்று பொருள். உடனே ஆப்பைத் திரும்ப ஏற்றுங்கள். தோளில் சில்லுகளை இறுக்கி, வெளிப்பக்கம் இரண்டு கல்லைச் சாய்த்துப் பாரம் கொடுத்த பிறகு மீண்டும் இறக்குங்கள். கை சென்ட்ரிங்குக்கு அடியில் போகவே கூடாது. ஆப்பை நீளக் கம்பாலோ கடப்பாரை நுனியாலோ தட்டுங்கள்.

ஆக, வளைவுக்கு ஒரு முழு நாளும், தச்சு வேலைக்கு அதற்கு முந்தைய மாலையும் வேண்டும். தூக்க ஓர் ஆள் துணையும் நல்லது.

சாந்தில்லாத் தூண்

வீட்டுத் தோட்டத்தில் நிரந்தரமாக ஏதாவது வேண்டும் என்பவருக்கு இதுதான் பொருத்தம். குரோஷியா, கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் சாந்தில்லாக் கற்கட்டுக் கலையை 2018-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. விதிகள் சில: இரண்டு கல்லின் மூட்டுமேல் ஒரு கல் உட்கார வேண்டும், நீளப்பக்கம் உள்நோக்கிப் போக வேண்டும், நடுவில் சில்லுகளை இறுக்கமாக அடைக்க வேண்டும், மேலே போகப்போக முகம் சற்று உள்வாங்க வேண்டும். 45 செ.மீ. சதுரத்தில் 90 செ.மீ. உயரம் எழுப்பவே 400 கிலோ அளவுக்குக் கல் தேவை. முதுகுக்கும் நேரத்துக்கும் இது வேறு அளவு வேலை. முதல் தேர்வாக இதை நாங்கள் சொல்லமாட்டோம்.

எங்கே வைத்துக் கட்டுவது

ஆறுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கேதான் எச்சரிக்கையும் அதிகம் தேவை. ஓடும் நீருக்குள் கிடக்கும் கல்லைப் புரட்டினால் அடியில் நீர்ப்பூச்சிகளின் இளம் உயிரிகளும், தலைப்பிரட்டைகளும், கல்லில் ஒட்டி வாழும் சிறு மீன்களும் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இது இன்னும் முக்கியம். கல்லை எடுத்து வெயிலில் வைத்தால் அவ்வளவும் காய்ந்து சாகும். நீருக்கு வெளியே கிடக்கும் கூழாங்கல் மேட்டிலும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கவனம் தேவை. ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாமல் வெறும் கற்களுக்கு நடுவேதான் முட்டையிடும். முட்டையும் புள்ளிபோட்ட கூழாங்கல் மாதிரியே இருக்கும். தலைக்குமேல் ஆள்காட்டி கத்திக்கொண்டே வட்டமடித்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். காப்புக்காட்டுக்குள் கல்லைப் பெயர்த்து எடுப்பது வனச்சட்டப்படி குற்றம். அணைகளுக்குக் கீழே, வானம் தெளிவாக இருக்கும்போதும், மேலே திறந்துவிட்ட நீர் சொல்லாமல் வரும்.

கடற்கரையில் மணல் கிடைப்பதால் வளைவுக்கு வசதி. மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கிக் கிடப்பது பவளக்கல்லாக இருந்தால் தொடாதீர்கள், அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. கரையரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களை அசைப்பது மீனவர் குடியிருப்பின் பாதுகாப்பில் கைவைப்பதாகும்.

வீட்டு முற்றம்தான் எல்லா வகையிலும் மேல். கல்லை விலைக்கு வாங்கலாம், அல்லது பக்கத்தில் வீடு கட்டுகிறவரிடம் கேட்டால் மீந்த உடைகல் கிடைக்கும். செய்தது எந்த உயிரையும் கெடுக்காது, மறுநாளும் அதே கற்கள் அங்கேயே இருக்கும். ஒரே கற்களோடு திரும்பத் திரும்பப் பழகுவதுதான் கையைத் தேற்றும். மொட்டைமாடி மட்டும் வேண்டாம். நாலு கிலோக் கல் இடுப்புயரத்திலிருந்து விழுந்தால் மாடியில் பதித்த தட்டோடுகள் விரிசல் விடும், அடுத்த மழையில் கூரை ஒழுகும்.

எங்கே என்றாலும், கிடக்கும் கல்லைப் புரட்டும்போது மறுபக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள். தேளோ சுருட்டை விரியனோ அடியில் இருந்தால், கல் உங்களுக்குக் கேடயமாக நிற்கும், அது எதிர்ப்பக்கம் போகும். மூடிய காலணி அவசியம். கையுறை கல் சுமக்கும்போது மட்டும் போதும். முனையில் நிறுத்தும்போது கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் விரலுக்கு எதுவும் தெரியாது.

கலைக்கும் முறையும் வழிக்கு வழி மாறும். வளைவைத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். சென்ட்ரிங்கை உள்ளே வைத்து ஆப்பை ஏற்றி, உச்சிக்கல்லில் தொடங்கி இடம் வலமாக எடுத்தால் கல்லும் உடையாது, பலகையும் மிஞ்சும். முனையில் நின்றவற்றை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் எடுங்கள். விழவிட்டால் அந்த மூன்று மேடுகளில் ஒன்று சில்லாகப் பெயர்ந்துவிடும், அந்த இணை பிறகு கிடைக்காது. நன்றாகப் பொருந்திய இரண்டு கற்களின் அடிப்பக்கத்திலும் அடுப்புக்கரியால் ஒரே எண்ணை எழுதி, மழை படாத மூலையில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேடவேண்டியிருக்காது.